காற்று பலமாக வீசும்போது சிறிய விமானம் எப்படித் தரையிறங்குகிறது?

விடிகாலையில் ஜன்னல் படபடவென்று அடிக்கும். மரங்கள் ஆடும். கொஞ்ச நேரத்தில் மழை கொட்டும். நமக்குப் பழகிப்போன சுமத்ரா காற்று! பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்.

நமக்குக் குடை பறக்கும், அவ்வளவுதான். சிலேத்தாரில் தரையிறங்க வரும் 4 இருக்கை விமானத்துக்கு?

உண்மையான சிக்கல் எது?

ஓடுபாதைக்கு எதிர்த்திசையிலிருந்து சீராக வீசும் காற்று விமானிக்கு உதவும். திடீரென்று கூடிக் குறையும் காற்றுதான் தொல்லை.

செஸ்னா 172 ரக விமானம் சுமார் 65 நாட் (மணிக்கு 120 கிலோமீட்டர்) வேகத்தில் இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று சட்டென்று 10 நாட் குறைந்தால், இறக்கைமீது பாயும் காற்றும் 55 நாட்டுக்கு இறங்கிவிடும். விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். தரைக்குப் பக்கத்தில் அதைச் சமாளிக்க நேரம் இருக்காது.

விமானி என்ன செய்வார்?

வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார். கணக்கு சுலபம். காற்று 15 நாட், இடையிடையே 25 நாட் என்றால் வித்தியாசம் 10. அதில் பாதி, அதாவது 5 நாட், கூடுதலாக வைத்துக்கொள்வார். அதற்காக ரொம்பவும் கூட்டக்கூடாது. விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை தீர்ந்துவிடும்.

காற்று பக்கவாட்டில் வீசினால்?

சிலேத்தார் ஓடுபாதை தென்மேற்கு-வடகிழக்காக உள்ளது. சுமத்ரா காற்று மேற்கிலிருந்து வரும். மேற்கிலிருந்து 20 நாட் வீசினால், அதில் சுமார் 17 நாட் பக்கவாட்டில் தள்ளும். செஸ்னா 172 சோதனையில் சமாளித்துக் காட்டிய பக்கக்காற்று 15 நாட்தான்.

- இறங்கி வரும்போது மூக்கைக் காற்றடிக்கும் பக்கம் சற்றுத் திருப்பி, நண்டு மாதிரி சாய்வாக வருவார்.
- தரையைத் தொடும் முன் மூக்கை ஓடுபாதைக்கு நேராக்கி, காற்றடிக்கும் பக்க இறக்கையைத் தாழ்த்துவார்.
- அந்தப் பக்கச் சக்கரம் முதலில் தொடும். பிறகு மறுபக்கம். கடைசியாக முன்சக்கரம்.

தொட்டதும் வேலை முடியாது. வேகம் குறையக் குறையக் காற்று இறக்கையைத் தூக்கப் பார்க்கும். நிற்கும்வரை கட்டுப்பாட்டை விடக்கூடாது.

சரிப்படவில்லை என்றால்?

எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மீண்டும் மேலே ஏறிவிட வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இறக்கிடலாம்" என்ற நினைப்புதான் ஆபத்து. மீண்டும் ஏறுவது தோல்வி இல்லை. பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

சுமத்ரா காற்று பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். எரிபொருள் போதுமான அளவு இருந்தால் காத்திருக்கலாம், வேறு விமான நிலையத்துக்கும் போகலாம். அதனால்தான் அந்த முடிவைக் கிளம்பும் முன்பே யோசித்து வைக்கிறார்கள்.