சிறு பொறியும் பெருந்தீயும்: 'கண்டாம்' தொடர் காட்டும் போர்

இயந்திர மனிதர்கள் வானில் பறந்து போரிடும் ஜப்பானியச் சித்திரத் தொடர்கள் என்றால் மாணவர்களுக்குக் கொள்ளை விருப்பம். பெற்றோர்களோ, "சண்டையும் கூச்சலும் அன்றி அதில் வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்பதுண்டு. இரு சாராரும் அறிந்து பயன்பெறத்தக்க தொடர் ஒன்று உண்டு. அதன் பெயர் 'மொபைல் சூட் கண்டாம்' என்பதாகும். ஒரு போர் எவ்வாறு சிறு பொறியாய்ப் பற்றி, பெருந்தீயாய் வளர்கிறது என்பதை அது தெளிவுறக் காட்டுகிறது.

மனிதர் உள்ளே அமர்ந்து இயக்கும் பேருருவ இயந்திரங்களைப் பற்றிய கதைகளை 'மெக்கா' கதைகள் என்பர். 1972ஆம் ஆண்டில் கோ நாகாய் என்பவரின் படைப்பாக வெளிவந்த 'மசிங்கர் ஸெட்' இவ்வகைக்கு வழிகாட்டியாய் அமைந்தது. அத்தகைய கதைகளில் வாரந்தோறும் ஓர் அரக்க இயந்திரம் தோன்றும், நாயகன் அதனை அழிப்பான், கதை முடியும். 1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கண்டாம்' இம்முறையை மாற்றியது. இதனை இயக்கியவர் யொஷியுக்கி தொமினோ ஆவார். இதில் வரும் இயந்திரம், பீரங்கி வண்டியைப் போன்ற ஒரு போர்க்கருவியே. அது பழுதுபடும், அதற்கு வெடிமருந்தும் வேண்டும். எதிரியும் அரக்கனல்லன், தாய் தந்தையும் நண்பர்களும் உடைய மனிதனே.

கதை நிகழும் காலம், விண்வெளி ஆண்டு 0079. மக்கள்தொகை பெருகியமையால் மனிதர்கள் விண்வெளியில் மாபெரும் குடியிருப்புகளை அமைத்து வாழ்கின்றனர். பூமியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள குடியிருப்பினர் 'ஸியோன்' என்னும் பெயரில் தனியரசு அமைத்து, பூமிக் கூட்டரசை எதிர்த்துப் போர் தொடுக்கின்றனர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் மனிதகுலத்தில் பாதி மடிகிறது. பின்னர் எட்டு மாதங்கள் இருதரப்பும் முன்னேற இயலாமல் நிற்கின்றன.

இந்நிலையில் ஸியோன் வீரர்கள் மூவர், ஒரு குடியிருப்பை வேவு பார்க்க வருகின்றனர். அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை பார்த்து வருவது மட்டுமே. ஆயின், புகழை விரும்பிய ஒருவன் கட்டளையை மீறித் தாக்குகிறான். பொதுமக்கள் பலர் மாண்டொழிகின்றனர். அங்கு வாழ்ந்த அமுரோ ரே என்னும் பதினைந்து வயதுச் சிறுவன், தன் தந்தை உருவாக்கிய 18 மீட்டர் உயரமுள்ள 'கண்டாம்' இயந்திரத்தில் ஏறி, கையேட்டைப் பார்த்தே அதனை இயக்குகிறான். ஒருவனின் பதவி ஆசை, ஒரு சிறுவனைப் போர்வீரனாக்கி விடுகிறது.

இனிப் போர் வளரும் விதத்தைக் காண்போம். ஸியோன் அரச குடும்பத்தின் இளைய மகன் கார்மா போரில் மடிகிறான். அமைதியாக இறுதிச் சடங்கு செய்யவே தந்தை விரும்புகிறார். மூத்த மகன் கிரென் அதனை அரச விழாவாக்கி, தம்பியின் மரணத்தைக் காட்டி மக்களின் சினத்தைத் தூண்டுகிறான். கார்மாவுக்காகப் பழிவாங்க ராம்பா ரால் என்னும் தளபதி அனுப்பப்படுகிறார். அவர் அமுரோவைப் பாலைவன உணவகம் ஒன்றில் சந்திக்கிறார். அவன் துணிவை மெச்சுகிறார். பின்னர் நிகழ்ந்த போரில் அவர் மடிகிறார். அவருக்காகப் பழிதீர்க்க அவர் துணைவி வருகிறார். அவரைத் தடுத்து அமுரோவைக் காக்கும் முயற்சியில் ரியூ என்னும் தோழன் உயிர் துறக்கிறான். ஒரு மரணம் மறு மரணத்தை அழைத்து வருவதைக் காண்கிறோம் அல்லவா?

மரணங்கள் பெருகுவதைப் போன்றே கருவிகளும் பெருகுகின்றன. கூட்டரசு எண்ணற்ற கண்ணாடிகளை அடுக்கி, சூரிய ஒளியைக் குவித்து ஸியோனின் கோட்டையை எரிக்கிறது. ஸியோனோ ஒரு குடியிருப்பையே ஒளிக்கதிர் பீரங்கியாக்கி விடுகிறது. மக்கள் வாழக் கட்டிய வீடு, மக்களைக் கொல்லும் கருவியாகிறது! அமைதி பேசச் சென்ற தன் தந்தை எதிரிக் கப்பல்களின் நடுவே இருப்பதை அறிந்தும் கிரென் அதனை இயக்குகிறான். தந்தையைக் கொன்ற குற்றத்திற்காகத் தங்கை அவனைச் சுடுகிறாள். அவளும் பின்னர் மற்றொருவனின் பழிக்கு இரையாகிறாள். வெளியாரை எரிக்க மூட்டிய தீ, மூட்டியவர் வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

இவற்றினும் உள்ளத்தை உருக்குவது ஒரு சிறு நிகழ்ச்சி. நெடுநாள் பிரிந்திருந்த தாயை அமுரோ காணச் செல்கிறான். தேடி வந்த எதிரி வீரன் ஒருவனைத் தாயின் கண்ணெதிரே சுடுகிறான். மகன் உயிர் தப்பினான் என்று தாயால் மகிழ இயலவில்லை. இவ்வாறு மாறிவிட்டானே என்று கலங்குகிறாள். போர் உயிரை மட்டுமன்றிப் பிள்ளைப் பருவத்தையும் பறிக்கும் என்பது இதனால் விளங்கும்.

இறுதிப் போரில் கண்டாம் சிதைந்துபோகிறது. கப்பலில் வளர்ந்த ஆதரவற்ற குழந்தைகள் மூவர், அமுரோவுக்குத் திரும்பும் வழியை உணர்த்துகின்றனர். இயந்திரத்தைக் கைவிட்டு அவன் தோழர்களிடம் வந்து சேர்கிறான். பெற்ற வெற்றியாக அவன் கருதுவது அதனையே.

முதல் ஒளிபரப்பில் இத்தொடருக்குப் போதிய வரவேற்பு இல்லை. 52 பகுதிகளாகத் திட்டமிட்டது, 1980 ஜனவரியில் 43 பகுதிகளுடன் நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்பாலும் பொம்மை உருவங்களின் விற்பனையாலும் அது புகழ்பெற்றது. 1981, 1982ஆம் ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாகவும் வெளிவந்தது. 2009ஆம் ஆண்டில் தோக்கியோவில் 18 மீட்டர் உயரச் சிலையும் எழுப்பப்பட்டது.

மாணவர்களே! இத்தகைய தொடரைக் காணும்போது எந்த இயந்திரம் வலிமையுடையது என்று மட்டும் எண்ணாதீர்கள். சண்டையை முதலில் தொடங்கியவர் யார், எந்த இடத்தில் அதனை நிறுத்தியிருக்கலாம், அதனால் அழுதவர்கள் யாவர் என்றும் எண்ணிப் பாருங்கள். பெற்றோர்களே! வேலை முடிந்து ஓய்ந்திருக்கும் வேளையில் பிள்ளைகளின் அருகில் அமர்ந்து, இக்கேள்விகளை அவர்களிடம் கேளுங்கள். விளையாட்டுத் திடலில் தோன்றும் பூசலும் ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. அச்சொல்லை அடக்கக் கற்ற பிள்ளையே உண்மையான வீரன்.