பாத்திரத் தாளும் சமூக உறவும்: மேசைப் பாத்திரமேற்பு ஆட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

பாத்திரப் படைப்பு என்பது ஆசிரியன் ஒருவனின் தனிச்செயல் என்றே நமது திறனாய்வு மரபு பெரிதும் கொண்டு வந்துள்ளது. வாசகர் படைப்பு முடிந்த பின்னரே வருபவர். ஆனால், நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாமே ஆக்கி, மாதக்கணக்கிலும் சிலவேளை ஆண்டுக்கணக்கிலும் ஒரே கதையை வாய்மொழியாக வளர்த்துச் செல்லும் ஆட்டமொன்று 1974ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் அச்சேறியது. விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரைச் சேர்ந்த கெரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதே அது. அதனையும் அதன் வழிவந்த ஆட்டங்களையும் நாம் இங்கு நோக்கப்புகுவதற்குக் காரணம் உண்டு. மனிதன் எவற்றால் ஆனவன், ஒருவன் மற்றொருவனை எவ்வாறு இணங்க வைக்கிறான் என்னும் வினாக்களுக்கு நாவலாசிரியன் மறைமுகமாகவே விடை கூறுகிறான். விதிநூலோ அவற்றுக்கு எண்களில் விடை கூறியாக வேண்டும். கருத்துநிலை தன்னைத் தானே அட்டவணையிட்டுக் காட்டும் இடங்கள் அரியன.

ஆட்டமுறையைச் சுருங்கக் கூறலாம். ஒருவர் மத்தியஸ்தர், உலகை விவரிப்பவரும், அதில் எதிர்ப்படும் அரசன் முதல் வாயிற்காவலன் வரை அனைவருக்குமாகப் பேசுபவரும் அவரே. ஏனையோர் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன சொல்கிறது என்பதைக் கூறுவர். முடிவு ஐயத்துக்கு இடமாகும்போது தாயக்கட்டை உருளும். பலகையும் காய்களும் இன்றி ஆடலாம்; இன்றியமையாதது பாத்திரத் தாள் ஒன்றே. 1974ஆம் ஆண்டு விதிப்படி மூன்று தாயக்கட்டைகள் ஆறு முறை உருட்டப்பட்டு, பலம், புத்தி, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம் என்னும் கூறுகளுக்கு 3 முதல் 18 வரையான பெறுமானங்கள் பெறப்பட்டன. ஓர் உருட்டலில் 18 கிடைக்கும் நிகழ்தகவு 216இல் 1. பிரசியப் படையதிகாரிகளின் பயிற்சிக்கென றைஸ்விற்ஸ் 1824இல் வெளியிட்ட போர் ஆட்டமே இவ்வகை ஆட்டங்களின் மூதாதை. மத்தியஸ்தர் என்னும் பதவியும் அம்மரபிலிருந்தே வந்தது. அங்கு ஒரு காய் ஒரு படைப்பிரிவைக் குறித்தது. இங்கு அது தனியொருவனைக் குறிக்கலாயிற்று. அதிகாரியின் கண்ணோட்டமும் கூடவே வந்துவிட்டது என்பது நமது கருத்து.

வசீகரம் என்ற கூறினை எடுத்துக்கொள்வோம். தோற்றத்தாலும் பேச்சாலும் பிறரைக் கவரும் ஆற்றல் என்று அதற்குப் பொருள் கொள்வோம். விதிநூலில் அதன் முதன்மைப் பயன் வேறு. ஒருவன் எத்தனை பேரைத் தன் ஊழியராக வைத்துக்கொள்ளலாம், அவர்களின் விசுவாசம் எவ்வளவு என்பவற்றை அது நிர்ணயிக்கிறது. 3 அல்லது 4 பெற்றவனுக்கு ஒருவர். 18 பெற்றவனுக்குப் பன்னிருவர். ஊழியத்துக்கு அழைக்கப்பட்டவன் இணங்குவானா என்பதை இரு தாயக்கட்டைகள் முடிவு செய்யும்: 2 விழுந்தால் அழைத்தவனையே தாக்க முனைவான், 12 விழுந்தால் உவகையோடு வந்து சேர்வான். அவன் ஏன் வேலை தேடி நிற்கிறான், அவனுடைய நிலம் எங்கே போயிற்று என்ற கேள்விகளுக்குத் தாளில் இடமில்லை. பண்ட உற்பத்திச் சமூகத்தில் மனிதர்க்கிடையிலான உறவு பொருள்களின் இயல்பு போலத் தோற்றங்கொள்வதை மார்க்ஸ் விளக்கினார். இங்கு அவ்வுறவு எசமானின் உடலோடு பிறந்த குணம் போலத் தோற்றங்கொள்கிறது.

அனுபவப் புள்ளி பற்றிய விதி இதற்குத் துணைநிற்கிறது. அன்றைய விதிகளிற் பாத்திரம் வளர்ந்தது பெரும்பாலும் நிலவறைகளிலிருந்து கொணர்ந்த பொன்னாலேயே. அடிப்படைக் கணக்கு ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. உயர்நிலை எய்திய வீரன் கோட்டை கட்டிப் பிரபுவாகி, தன் ஆட்சிப்புலத்துக் குடியொருவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்துப் பொற்காசு வரி அறவிடலாம். கொள்ளையில் தொடங்கி வரியில் நிறைவெய்தும் இவ்வாழ்க்கை வரலாற்றுக்கு ‘அனுபவம்’ என்று பெயர்! ஆதித் திரட்டலை இத்துணைப் பச்சையாக எழுத எந்த நாவலாசிரியனும் கூசுவான்.

பிறப்பு பற்றிய விதிகள் இன்னும் வெளிப்படையானவை. 1978இல் வந்த விரிவாக்கப் பதிப்பின் ஆட்டக்காரர் கைநூலில், குள்ளர், எல்ஃப், கலப்பு ஓர்க் முதலிய ‘இனங்கள்’ ஒன்றையொன்று எவ்வாறு நோக்கும் என்பது விருப்பு முதல் வெறுப்பு வரை எழுத்துக் குறியீடுகளால் அட்டவணையிடப்பட்டிருந்தது. மனிதப் பெண்ணின் பலத்துக்கு ஆணுக்கில்லாத உச்சவரம்பும் அதே நூலில் விதிக்கப்பட்டது. பெண் மீதான வரம்பு 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் நீங்கியது. மனிதரல்லாத இனங்கள் எட்டக்கூடிய நிலைகளுக்கு இருந்த வரம்புகள் 2000ஆம் ஆண்டில் நீங்கின. ‘இனம்’ என்ற சொல்லே 2024ஆம் ஆண்டு நூலிற் கைவிடப்பட்டது. இம்மாற்றங்கள் தாமாக வந்தவையல்ல. மேசையைச் சுற்றி அமர்ந்தோர் மாறியபோது, தாளும் மாற வேண்டியதாயிற்று.

இவ்விடத்து நுணுகி நோக்க வேண்டியதொன்றுண்டு. 2024ஆம் ஆண்டு நூலில், முன்னர் இனத்தோடு பிணைந்திருந்த கூடுதற் பெறுமானங்கள் ‘பின்னணி’ என்னும் வகைக்கு மாற்றப்பட்டன. உழவன் என்ற பின்னணி பலத்தையும் உடலுறுதியையும் விவேகத்தையும் உயர்த்த வழிசெய்கிறது. பிரபு என்ற பின்னணி பலத்தையும் புத்தியையும் வசீகரத்தையும் உயர்த்த வழிசெய்கிறது. உழவனுக்கு வசீகரம் ஒதுக்கப்படவில்லை. ஆயினும் உடைமைகளுக்குப் பதிலாகப் பணம் பெற விரும்பினால் இருவருக்கும் கிடைப்பது ஒரே தொகை, 50 பொற்காசு. மனப்பாங்கிலே வர்க்கம் உண்டு, பணப்பையிலே இல்லை! தாராண்மைவாதச் சமத்துவத்தின் எல்லையை இதனிலும் தெளிவாகக் காட்டுவது கடினம். முன்னைய விதிகளினும் இது முன்னேற்றமே என்பதில் நமக்கு ஐயமில்லை. பிறப்பிலிருந்து வாழ்நிலைக்கு நகர்ந்தமை சிறிய மாற்றமன்று. ஆனால் வாழ்நிலை உடைமையோடு தொடர்புற்றது என்ற அடுத்த படியை நூல் எடுத்து வைக்கவில்லை.

அப்படியை 1977இலேயே ஓரளவு எடுத்து வைத்தது மாக் மில்லரின் ‘ட்றவலர்’. விண்வெளியைக் களமாகக் கொண்ட அவ்வாட்டத்தில் ஆறு கூறுகளுள் ஒன்று கல்வி. மற்றொன்று சமூகத் தகைமை. இரு தாயக்கட்டைகளில் 11 விழுந்தால் நைற், 12 விழுந்தால் பரன். ஒன்பதும் அதற்கு மேலும் பெற்றவருக்குக் கடற்படையில் அதிகாரி நியமனம் எளிதாகிறது. பாத்திரம் நான்கு ஆண்டுத் தவணைகளாகப் பணியாற்றி, முதுமையும் அனுபவமும் பெற்ற பின்னரே கதைக்குள் நுழைகிறது. பணிக்காலத்திலேயே இறந்துபோகவும் கூடும். அப்போது ஆட்டம் தொடங்குமுன்பே புதிய தாள் எடுக்க வேண்டியதுதான். கேலிக்குள்ளான இவ்விதியிலே நாம் ஒரு நேர்மையைக் காண்கிறோம். சமூகம் மனிதனுக்கு முந்தியது என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இனி, ஆட்டம் நடக்கும்போது எழும் சிக்கலுக்கு வருவோம். கோட்டை வாயிலில் காவலன் தடுக்கிறான். அவனை வாளால் வெல்ல முயன்றால் விதிகள் உண்டு. சொல்லால் இணங்க வைக்க முயன்றால்? ஆட்டக்காரர் நேரே பேசட்டும், மத்தியஸ்தர் கேட்டு முடிவு செய்யட்டும் என்பர் ஒரு சாரார். தாயக்கட்டை உருட்டினால் உயிருள்ள உரையாடல் செத்துப்போகும் என்பது அவர்தம் வாதம். கலைநோக்கில் இதற்கு வலு உண்டு. ஆனால் இதன் விளைவு யாது? கற்ற குடும்பத்திலே பிறந்து, விவாத மேடைகளிற் பழகியவர் எந்தப் பாத்திரத்தை ஏற்றாலும் வெல்கிறார். பேசத் தயங்குபவர், நாவன்மை மிக்க தூதனாகத் தன் பாத்திரத்தை ஆக்கியிருந்தாலும், காவலன் முன் தோற்றுப்போகிறார். வாள் வீசத் தெரியாதவர் வீரனாகலாம், பேசத் தெரியாதவர் தூதனாகலாகாது என்றால், மேசைக்கு வெளியிலுள்ள ஏற்றத்தாழ்வு விதியின்மை என்னும் பெயரில் மேசைக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது. ஆகையால் சமூக விதிகள் வேண்டும் என்போரின் பக்கமே நாம் நிற்கிறோம். ஆட்டக்காரர் தாம் வேண்டுவதையும், காவலனுக்கு அளிக்கக்கூடியதையும் தம்மால் இயன்றவாறு சொல்லட்டும். சொன்னதன் பொருள் உருட்டலை எளிதாக்கவோ கடினமாக்கவோ செய்யட்டும். சொன்னவிதத்தின் அழகுக்குப் பெறுமானம் இடலாகாது.

ஆட்டக்காரர் ஒருவரின் பாத்திரம் இன்னொருவரின் பாத்திரத்தை இணங்க வைக்க முனையும்போது சிக்கல் முற்றுகிறது. காவலனுக்கு விருப்பம் என ஒன்று இல்லை; மேசைக்கு எதிரில் இருப்பவருக்கு உண்டு. எண் வென்றது, ஆகவே நீ இணங்கியாக வேண்டும் என்றால், ஒருவர் தாம் ஆக்கிய மனிதன் மீதான உரிமையை இழக்கிறார். 2010இல் வெளிவந்த வின்சன்ற் பேக்கரின் ‘அபோகலிப்ஸ் வேள்ட்’ இதற்கு நுட்பமான தீர்வொன்றைத் தந்தது. உருட்டல் நன்கு அமைந்தால், இணங்கினால் உனக்கு அனுபவப் புள்ளி உண்டு, மறுத்தால் நெருக்கடிக்கு முகங்கொடுக்க வேண்டும் என்னும் நிலை எழும். எதனைத் தேர்வதென்பதை அவரே தீர்மானிப்பார். இணக்கமென்பது ஒருவனின் வசீகரத்தில் இல்லை, இருவருக்கும் இடையிலுள்ள நிர்ப்பந்தங்களில் இருக்கிறது என்பதை இவ்விதி வெளிப்படுத்துகிறது. வசீகர அட்டவணை மறைத்ததை இது மேசைமேல் எடுத்து வைக்கிறது.

கிறெக் ஸ்ராஃபோர்ட் 1985இல் ஆக்கிய ‘பென்ட்றகன்’ வேறொரு திசையிற் சென்றது. ஆர்தர் மன்னன் காலத்து வீரர்களாகிய பாத்திரங்களுக்கு, இரக்கம்–கொடுமை, அடக்கம்–செருக்கு என்றவாறு பதின்மூன்று குணச்சோடிகள் உண்டு. ஒவ்வொரு சோடியின் கூட்டுத்தொகை 20. ஒரு குணம் மிக ஓங்கிவிட்டால் தாயக்கட்டையே நடத்தையைத் தீர்மானிக்கக்கூடும். ஆட்டக்காரர் விரும்பினும் அவரது வீரன் இரங்க மறுப்பான். கிறித்தவனுக்குரிய நற்குணங்களும் பண்டைச் சமயத்தவனுக்குரியவையும் வேறுபடுகின்றன. உரிமை பறிபோகிறது என்ற முறைப்பாடு இங்கும் எழும். எனினும் இங்கு மனிதனைக் கட்டுவது இன்னோர் ஆட்டக்காரரின் எண் அன்று, அவன் வாழும் சமூகத்தின் விழுமியமும் அவனது கடந்தகாலச் செயல்களுமே. அகவாழ்வை வரலாற்றில் வைத்து நோக்க வேண்டும் என்று லூக்காக்ஸ் நாவலிடம் எதிர்பார்த்தது, எதிர்பாராத ஓரிடத்தில் இவ்வாறு நிறைவேறியிருக்கிறது. குளிர்காலந்தோறும் விளைச்சலும் மணமும் பிள்ளைப்பேறும் கணக்கிடப்படுகின்றன. வீரன் மாண்டால் ஆட்டக்காரர் அவனுடைய வாரிசை ஏற்று ஆடுவார்.

நெடுந்தொடராக ஆடப் புகுவோர் முதல் அமர்விற் கதையைத் தொடங்காது, பாத்திரங்களைக் கூடியிருந்து ஆக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. எவ்வகைக் கொடுமைகள் கதையில் இடம்பெறலாம், எவை கூடாது என்பதும் அப்போதே பேசப்படும். சில குழுக்கள் மேசை நடுவில் ஓர் அட்டையை வைத்திருக்கும். எவரும் காரணம் கூறாது அதனைத் தொட்டால், நடந்துகொண்டிருக்கும் காட்சி விலக்கப்படும். இவ்வமர்வில் நாம் சேர்க்க விரும்பும் கேள்வி ஒன்றே: ஒவ்வொரு பாத்திரமும் யாருடைய உழைப்பில் உண்கிறது? பிரபுவின் தாளை நிரப்புபவர் அவனுக்கு வரி செலுத்தும் ஊரின் பெயரையும் எழுதட்டும். உழவன் பாத்திரத்தை ஏற்பவர் தன் ஊர் அதுதானா என்று தீர்மானிக்கட்டும்.