தேடல் கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது எப்படி?

மாணவர் கேட்கும் கேள்விக்கு நினைவிலிருந்து மட்டும் விடை சொல்லாமல், தேவையான இடத்தில் தானே தேடிப் பார்த்து விடை தொகுக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை ‘முகவர்’ அல்லது ‘ஏஜென்ட்’ என்கிறார்கள். பாடநூல்கள், மின்நூலகம், பழைய ஆவணங்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தேடல் கருவியை அதனுடன் இணைக்கலாம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ போன்ற பொது நெறிமுறைகள் இந்த இணைப்பை எளிதாக்கியுள்ளன. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்று முகவர் எப்படி முடிவு செய்கிறது? இதைப் புரிந்துகொண்டால், அதில் ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு பணி இருப்பது தெரியும்.

முகவர் படிப்பது குறிப்பை மட்டுமே

கருவியின் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்பது முகவருக்குத் தெரியாது. அதற்குக் கிடைப்பவை மூன்று: கருவியின் பெயர், சில வரிகளில் ஒரு விளக்கக் குறிப்பு, உள்ளீடாக எதைத் தர வேண்டும் என்ற விவரம். கேள்வியோடு இவற்றையும் படித்து, பொருத்தமாகத் தோன்றும் கருவிக்குத் தேடுசொற்களை அனுப்புகிறது. திரும்பி வரும் முடிவுகளைக் கொண்டு விடை எழுதுகிறது. குறிப்பு தெளிவில்லாமல் இருந்தால் ஊகித்துத்தான் தேர்ந்தெடுக்கும். எதுவும் கிடைக்காதபோது, ‘அப்படி ஒரு தகவல் இல்லை’ என்று மாணவரிடம் உறுதியாகச் சொல்லிவிடவும் கூடும்.

எங்கள் மாவட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மறைந்தார். இன்று அவ்வூர் தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. ஆனால் தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 அன்றுதான். அதற்கு முன் இப்பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஆகவே, 1980இல் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தில் ஓசூர் ‘தருமபுரி மாவட்டம்’ என்றே இருக்கும். இன்னும் பின்னே போனால், பிரிட்டிஷார் காலத் தொடக்க ஆவணங்களில் ‘பாராமகால்’, சங்க இலக்கியம் சார்ந்த நூல்களில் ‘தகடூர்’.

வட்டார வரலாற்று ஆவணங்களைத் தேடும் ஒரு கருவி இருப்பதாகக் கொள்வோம். அதன் குறிப்பு இப்படி இருக்கிறது:

“தருமபுரி மாவட்ட வரலாற்றுத் தகவல்களைத் தேடும்.”

சிவாவின் இறுதிக்காலம் பற்றி மாணவர் கேட்டால், முகவர் ‘தருமபுரி மாவட்டம், 1925’ என்று தேடும். ஆவணத்தில் ‘சேலம் ஜில்லா’ என்று இருப்பதால் அது அகப்படாது. தகவல் இருந்தும், இல்லை என்ற விடையே மாணவருக்குக் கிடைக்கும். தன் ஊருக்கு வரலாறு இல்லை என்று அவர் எண்ணிக்கொள்வார்.

அதே கருவிக்கு இப்படி எழுதலாம்:

“இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பற்றிய பழைய நூல்களிலும் அரசு ஆவணங்களிலும் தேடும். பாடநூல் கேள்விகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்குப் பாடநூல் தேடல் உள்ளது. 1965-க்கு முந்தையவற்றுக்குச் ‘சேலம்’ என்றும், அதற்கும் பழையவற்றுக்குப் ‘பாராமகால்’, ‘தகடூர்’ என்றும் தேடவும். மாவட்டப் பெயரைவிட ஊர்ப் பெயர் நல்ல பலன் தரும். ‘தருமபுரி’, ‘தர்மபுரி’ என இரு எழுத்துமுறைகளிலும் தேடவும். முடிவு எதுவும் வராவிட்டால் வேறு பெயரில் மீண்டும் தேடவும். தகவலே இல்லை என்று கொள்ள வேண்டாம்.”

குறிப்பில் இருக்க வேண்டியவை

1. கருவியில் என்ன இருக்கிறது, எந்தக் காலத்துக்கு உரியது.

2. என்ன இல்லை, அதற்கு எந்தக் கருவியை நாட வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். இரண்டு கருவிகளின் குறிப்புகள் ஒன்றுபோல் இருந்தால் முகவர் தடுமாறும்.

3. தேடுசொல்லை எப்படித் தர வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவியில் ‘மாவட்டம்’ என்று தேடினால் ‘மாவட்டத்தில்’ என்ற சொல் அகப்படாது. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் ஈறு மாறும் நம் மொழியில் இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

4. முடிவாக எது வரும்: முழுப் பக்கமா, நூற்பெயர் மட்டுமா?

5. எதுவும் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும்.

குறிப்பு நீளமாக இருப்பதால் மட்டும் சிறந்துவிடாது. ‘மிகச் சிறந்த’, ‘விரிவான’ போன்ற சொற்கள் தேர்ந்தெடுக்க உதவுவதில்லை. அவற்றை நீக்கி, அந்த இடத்தில் ஆண்டையோ ஊர்ப் பெயரையோ எழுதலாம்.

சோதிப்பதும் நம்மால் முடியும்

மாணவர்கள் உண்மையில் கேட்கும் பத்துக் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முகவர் எந்தக் கருவியை எடுக்கிறது, என்ன சொல்லை அனுப்புகிறது என்று பாருங்கள். தவறினால், குறிப்பில் ஒரு வரியை மட்டும் மாற்றி, அதே பத்துக் கேள்விகளையும் மீண்டும் கேளுங்கள். ஒரே சமயத்தில் பல வரிகளை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

நிரல் எழுதுபவர் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கலாம். ஓசூர் எந்த ஆண்டுவரை எந்த மாவட்டத்தில் இருந்தது, ஊரார் ஓர் இடத்தை எந்தப் பெயரில் அழைக்கிறார்கள் என்பதை உள்ளூர் ஆசிரியரே எளிதில் சொல்ல முடியும். எனவே, உங்கள் ஒன்றியத்தின் ஊர்ப் பெயர்கள், அவற்றின் பழைய பெயர்கள், எழுத்து வேறுபாடுகள், மாவட்டம் மாறிய ஆண்டுகள் ஆகியவற்றை ஒரு பக்கப் பட்டியலாக மாணவர்களைக் கொண்டு இப்போதே தொகுக்கலாம். எந்தத் தேடல் கருவிக்குக் குறிப்பு எழுத நேர்ந்தாலும் அந்தப் பட்டியல் பயன்படும்.