ஓட்டப் பாதையில் ஒரு பாடம்

விடியற்காலையில் டூப்ளே சிலையிலிருந்து வடக்கே கடற்கரைச் சாலையில் ஓடுகிறேன். சாலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். இரண்டு தடவை போய் வந்தால் 6 கிலோமீட்டர். பக்கத்திலேயே கருங்கல் குவியல். "நாங்க மணல்ல ஓடினோம்டா" என்பார் தாத்தா. அந்த மணல் எங்கே போச்சு?

ஆண்டில் பெரும்பகுதி அலை மணலை வடக்கே தள்ளும். 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. ஊர்ப்பக்கம் அரிப்பு. சாலையைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது! 2018-ல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் வைத்த செயற்கைத் திட்டு அலையின் வேகத்தைக் குறைக்க, கொஞ்சம் மணல் திரும்பியது.

சிவில் படிக்கும் நண்பா, கடலில் கல் வைக்குமுன் பக்கத்துக் குப்பத்தையும் நினை!