காதுக்குப் பின்னாலும் பார்ப்போம்

“பல்லு முளைக்குது, அதுதான் காதைப் பிடிச்சு இழுக்குது.” “சீழ் வடிஞ்சால் நல்லதுதான், ஊத்தை போகட்டும்.” எமது கிராமங்களில் இப்பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். கைக்குழந்தைகளின் காதுநோய் பெரும்பாலும் சில நாட்களில் சுகமாகிவிடுவது உண்மையே. ஆயினும் அரிதாகச் சில குழந்தைகளில் அது காதோடு நின்றுவிடுவதில்லை.

நடுக்காதையும் தொண்டையையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. கைக்குழந்தைகளில் அது குட்டையாகவும் ஏறக்குறையக் கிடையாகவும் இருப்பதால், தடிமன் பிடித்ததும் கிருமிகள் இலகுவில் காதை அடைகின்றன. அங்கு சேரும் சீழ் காதுக்குப் பின்னுள்ள எலும்பறைக்கும் பரவலாம். பிறந்த குழந்தையில் இவ்வறையின் வெளிச்சுவர் சுமார் 2 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. ஆகவே சீழ் விரைவில் தோலுக்கடியில் வந்து வீங்குகிறது. உட்புறமாகப் பரவினால் மூளைக்காய்ச்சல், மூளையில் சீழ்க்கட்டி, முகநரம்புப் பாதிப்பு என்பன ஏற்படலாம்.

1940களில் பெனிசிலின் பரவலான பாவனைக்கு வருமுன் இவை பல பிள்ளைகளின் உயிரைப் பறித்தன. இன்று இவை அரிது. அதனாலேயே அடையாளங்களைப் பலரும் அறியார். பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்:

1. காதுக்குப் பின்னால் அல்லது மேலே வீக்கம், சிவப்பு. காதுமடல் வெளியே தள்ளி நிற்றல்.
2. உச்சிக்குழி புடைத்திருத்தல்.
3. வலிப்பு, ஓயாத வாந்தி, பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழும்பாத மயக்கம்.
4. அழும்போது வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கண் மூடாதிருத்தல்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் இருந்தாலும் தாமதிக்கலாகாது. “கடைசி பஸ்சும் போய்விட்டது, விடியட்டும்” என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

சுடவைத்த எண்ணெய், உள்ளிச்சாறு, தாய்ப்பால் எதையும் காதினுள் விடக்கூடாது. சீழ் வடிந்தால் சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக உருட்டி, காதில் மெதுவாக வைத்து, நனைந்ததும் எடுத்துவிடுங்கள். காது உலரும்வரை நாளுக்கு மூன்று தடவை செய்யலாம். வைத்தியர் தந்த மருந்தைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாது, சொன்ன நாள்வரை கொடுங்கள். 14 நாட்களுக்கு மேலும் சீழ் வடிந்தால் மீண்டும் காட்டுங்கள். கேட்டல் குறைந்தால் பிள்ளையின் பேச்சும் பிந்தும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதும், வீட்டினுள் புகைக்காதிருப்பதும், படுக்கவைத்துப் போத்தல் பால் கொடுக்காதிருப்பதும் காதுநோயைக் குறைக்கும். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இந்நான்கு அடையாளங்களையும் வாசித்துக் காட்டுவோம். பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் பாட்டிமாரையும் அழைப்போம்.