தண்டனை போயிற்று, கடமை எங்கே?

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை வெறுங்காவலில் வைக்கலாமென்று 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு விதித்திருந்தது. இச்சட்டத்தை நமக்களித்த ஆங்கிலேயர் தம் நாட்டில் இக்குற்றத்தை 1961-லேயே நீக்கிவிட்டனர். நாமோ எஜமானர் கழித்தெறிந்த அங்கியைச் சுதந்திரத்துக்குப் பின்னும் நெடுநாள் சுமந்தோம். 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய ஸம்ஹிதையில் அப்பிரிவு இல்லை. (அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்துடன் செய்யும் முயற்சி மட்டும் 226-வது பிரிவின்படி இன்னும் குற்றமே. உண்ணாவிரதமிருக்கும் தொண்டர்கள் இதைக் கவனித்தல் நலம்.)

இதற்கு முன்னரே, 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அத்தகையோர் கடும் மனநெருக்கடிக்கு உள்ளானவரென்றே கொள்ளப்படவேண்டும் என்றது. அம்முயற்சி மீண்டும் நேராதபடி சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது சர்க்காரின் கடமை என்றும் கூறிற்று. முதற்பகுதியை யாவரும் கொண்டாடினர்; இரண்டாவது பகுதியைப் பற்றிப் பேசுவாரில்லை. உடம்பு தேறியதும் சீட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதோடு பல ஆஸ்பத்திரிகளில் காரியம் முடிந்துவிடுகிறது. ஒருமுறை முயன்றவருக்கே மறுமுறை அபாயம் அதிகமென்பது வைத்தியர்கள் அறியாததா?

பணமில்லையென்ற சமாதானம் இங்கே செல்லாது. சென்னை, கொழும்பு, பிரேஸிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் உலக சுகாதார ஸ்தாபனம் 1,867 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி, 2008-ல் முடிவை வெளியிட்டது. ஒரு பகுதியாருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதனுடன் ஒரு மணி நேரத் தனிப்பேச்சு. பின்னர் பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை டெலிபோனிலோ நேரிலோ விசாரிப்பு. அவ்வளவே. முதல் வகுப்பாரில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் மாண்டனர்; இரண்டாம் வகுப்பாரில் 0.2 மட்டுமே.

‘சாகவேண்டுமென்று தோன்றுகிறதா?’ என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என அஞ்சும் வைத்தியர்கள் உண்டு. இந்த அச்சம் ஆதாரமற்றது. வாய்திறந்து கேட்பதே பலருக்கு ஆறுதலாகிறது. மதிப்பெண் போட்டு ‘அபாயம் குறைவு’ என எழுதிவிடுவதும் போதாது. அத்தகைய அளவுகோல்களைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாமென்று பிரிட்டனின் நைஸ் நிறுவனமே 2022-ல் கூறியிருக்கிறது. மனம் தளரும்போது யாரை அழைப்பது, ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து யார் அகற்றுவது என்று அவருடனேயே அமர்ந்து எழுதிக்கொள்வது மேல்.

2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எவரும் அழைக்கலாம். ஆனால் வீடு திரும்பியவரை ஆஸ்பத்திரியே தேடி விசாரிக்கவேண்டும். ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் இதற்கென ஒரு பதிவேடு உண்டா, அதில் ஒன்பது தேதிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே மந்திரியைக் கேட்கட்டும்.