மாயாவியை வீட்டுக்குள் விடலாமா?

போன கோடை விடுமுறையில் வேலூரில் அம்மா வீட்டுப் பரணை ஒழித்தபோது, அண்ணனுடைய பழைய டிரங்குப் பெட்டி கிடைத்தது. திறந்தால், பூச்சி உருண்டை வாசனையோடு ஒரு கட்டு முத்து காமிக்ஸ்! அண்ணனுக்குத் தெரியாமல் எடுத்து, பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து, அப்பாவிடம் குட்டு வாங்கியவள் நான். பழைய பேப்பர்காரனிடம் போட மனசு வருமா? ஆம்பூருக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் சின்னவன் நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். ஆங்கிலம் கடகடவென்று படிப்பான். தமிழில் பஸ் போர்டைப் படிக்கச் சொன்னால் “வா... ணி...” என்று அவன் எழுத்துக் கூட்டுவதற்குள் வாணியம்பாடி பஸ் போயே போய்விடும். அவன் பிறந்த நாளுக்குப் பாட்டி நடுங்கும் கையால் நாலு வரி எழுதி அனுப்பியிருந்தாள். அதை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது எனக்கு.

இரும்புக்கை மாயாவியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1962இல் இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் பத்திரிகையில் பிறந்தவர் இவர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. தமிழுக்குக் கொண்டு வந்தது சிவகாசி. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே மாயாவி கதைதான். லூயிஸ் கிராண்டேல் என்பவர் ஆராய்ச்சிக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய், இரும்புக்கை பொருத்தியிருப்பார். பிறகு ஒருநாள் பலமான மின்சாரம் தாக்க, ஆளே மறைந்து போவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும்! முதலில் கெட்ட புத்திதான் வருகிறது. பிற்பாடு திருந்தி, நிழற்படை என்ற உளவுப் படையில் சேர்ந்து எதிரிகளை ஓட ஓட விரட்டுகிறார்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? படத்தில் ரத்தக் களரி இல்லை. ஆபாசம் மருந்துக்கும் கிடையாது. ஒரு தனிக் கை வந்து கதவைத் திறப்பதும், முரடன் ஒருவன் அதைப் பார்த்து அலறுவதும் குழந்தைகளுக்கு ஒரே சிரிப்பு. எங்கள் தெருவில் நிறைய பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். அவர்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்வரை பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். பக்கத்து வீட்டுச் சுட்டிப் பெண், வீட்டில் உருது பேசுகிறவள், “ஆன்ட்டி, ஆள் மறையறது சரி, சட்டை எப்படி மறையும்?” என்று கேட்டாள். நாற்பது வருஷமாக எனக்கே தோன்றாத கேள்வி! பதில் தேடிப் பக்கம் பக்கமாகத் தமிழைப் புரட்டினார்கள் இரண்டு பேரும்.

இனிமேல் சொல்லப் போவதைக் கவனமாகப் படியுங்கள். மூன்றாம் நாள் நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், அப்பாவுக்குச் சப்பாத்தி கட்டும் அலுமினிய ஃபாயிலை வலது கை முழுக்கச் சுற்றிக்கொண்டு, பிளக் பாயிண்டை நோக்கிப் போகிறான் என் பிள்ளை! எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது. ஓடிப்போய் இழுத்த வேகத்தில் இரண்டு பேருமே விழுந்தோம்.

“எல்லாவற்றையும் அடுப்பில் போடு” என்றார் என் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ராத்திரி யோசித்ததில், தப்பு புத்தகத்தில் இல்லை, பக்கத்தில் உட்காராமல் கொடுத்துவிட்டுப் போன என்னிடம்தான் என்று பட்டது. மறுநாள் அதே பக்கத்தை அவனோடு சேர்ந்து படித்தேன். “கதையில் மறைவார். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். தொட்டால் சிலசமயம் கையை எடுக்கவே முடியாது, நெஞ்சுத் துடிப்பு நின்று போகலாம்” என்று பச்சையாகவே சொன்னேன். முகம் சுண்டிவிட்டது, ஆனால் புரிந்துகொண்டான்.

கையோடு எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, கீழ் பிளக்குகளுக்கெல்லாம் உள்ளே மூடி வைத்த சாக்கெட் மாற்றினோம். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. போட்டோம். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும் ரகம். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதாமாதம் அழுத்திப் பார்க்க வேண்டும். யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட்டு, 108ஐ அழையுங்கள்.

இந்தப் பயம் வேண்டவே வேண்டாம் என்பவர்கள் லக்கி லூக்கிலிருந்து தொடங்கலாம். மாயசக்தி எதுவும் கிடையாது. தன் நிழலைவிட வேகமாகச் சுடும் கௌபாய், அவ்வளவுதான். முழுக்க முழுக்கச் சிரிப்பு. பெல்ஜியத்து மோரிஸ் 1946இல் படைத்தது. முன்பெல்லாம் இவன் வாயில் எப்போதும் சிகரெட் இருக்கும். 1983இல் அதை எடுத்துவிட்டு ஒரு புல்லைக் கொடுத்துவிட்டார் மோரிஸ்! அதற்காக 1988இல் உலக சுகாதார நிறுவனம் அவரைப் பாராட்டியது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நல்ல விஷயம்!

1984இல் பிறந்த லயன் காமிக்ஸும் முத்துவும் சிவகாசியிலிருந்து இன்றும் வருகின்றன. சந்தா கட்டினால் வீட்டுக்கே வந்துவிடும். புத்தகக் கண்காட்சிகளிலும் பார்க்கலாம். ஒன்று மட்டும்: பெரியவர்களுக்கான கதைகளும் வருகின்றன. நீங்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

சின்னவன் இன்னும் ‘ழ’வில் தடுக்குகிறான். ஆனாலும் போன மாதம் பாட்டியிடம் போனிலேயே ஆறு பக்கம் வாசித்துக் காட்டினான். பாட்டி அதை அண்ணனிடம் சொல்ல, அவர் இப்போது டிரங்குப் பெட்டியைத் திருப்பிக் கேட்கிறார். கொடுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.